க்ரூசர் கடையில் வாங்கிய ஸ்போர்ட் பைக்: எந்த வேலையை அங்கே கொடுப்பது, எதை வெளியே கொண்டுபோவது

குரோம் மின்னும் க்ரூசர் ஷோரூமின் ஓரத்தில் ஒன்றிரண்டு ஸ்போர்ட் பைக்கும் நிற்கும். ஒரே கூரை, ஒரே சர்வீஸ் கவுண்டர், ஒரே ஜாப் ஷீட். வாங்கும் நாளில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். முதல் பின் டயர் தேய்ந்து, செயினை இரண்டாம் முறை டைட் பண்ணி எடுத்து வந்த பிறகுதான் ஏதோ உறுத்தத் தொடங்கும்.

சிங்கப்பூரில் 2பி லைசென்ஸில் 150 சிசி, பிறகு 2ஏ-யில் ஹோண்டா சிபி400 என்று ஏறி, கிளாஸ் 2 எடுத்தவர்தான் இந்த வண்டிக்கு வருகிறார். மூன்று லைசென்ஸ், இடையில் குறைந்தது இரண்டு வருடக் காத்திருப்பு. ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகினால் வண்டி எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் செயினுக்குப் பதில் பெல்ட்டும், வால்வ் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டரும் உள்ள வண்டிகளில் ஊறியவர். அவருக்குத் திறமை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். கைப்பழக்கம்தான் வேறு. வண்டியைக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான்.

ஆயில் லெவலிலேயே அது தொடங்கிவிடும். ஹார்லி சாஃப்ட்டெயில் போன்ற வண்டிகளில் எஞ்சின் சூடாக இருக்கும்போது சைடு ஸ்டாண்டில் சாய்த்தே டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது முறை. ஸ்போர்ட் பைக்கில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிறுத்தி, கண்ணாடி ஜன்னலில் பார்க்க வேண்டும். சாய்ந்து நிற்கும் வண்டியில் ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். வலப்பக்கம் இருக்கும் ஜன்னல் காலியாகத் தெரியும். மெக்கானிக் 300, 400 மி.லி. கூட ஊற்றிவிடுவார். அதிகமான ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும், ப்ரீதர் வழியே ஏர்பாக்ஸுக்குள் போகும். ஆயில் வகையிலும் கவனம் வேண்டும். க்ரூசர் பிக் ட்வினில் எஞ்சின், பிரைமரி, கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். ஸ்போர்ட் பைக்கில் கிளட்ச் உட்பட எல்லாமே ஒரே ஆயிலில் குளிக்கிறது. டப்பாவில் ஜேசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும், கிரேடு மேனுவலில் உள்ளபடி, பெரும்பாலும் 10டபிள்யூ40. டிரம்மில் இருக்கும் 20டபிள்யூ50-ஐ ஊற்றிவிட்டால் காலையில் கியர் கனக்கும்.

அதிகம் கெடுவது செயின். க்ரூசரில் பெரும்பாலும் பெல்ட். சின்ன கேஜ் ஒன்றால் 10 பவுண்டு விசை கொடுத்து, எவ்வளவு தொய்கிறது என்று பார்த்து முடித்துவிடுவார்கள். செயினுக்கு அது பொருந்தாது. கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் எத்தனை மில்லிமீட்டர் ஆட வேண்டும் என்பது ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டிக்கரிலேயே இருக்கும். பல வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ., சிலவற்றில் 40-ஐயும் தொடும். பெல்ட்டுக்குப் பழகிய கைக்கு 35 மி.மீ. ஆடுவது அபாயமாகத் தெரியும். “அண்ணே, செயின் ரொம்ப லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்” என்று நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள்.

அந்தத் தொய்வு சும்மா விடப்பட்டதில்லை. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தூரம் அதிகம். ஆள் ஏறாத வண்டியில் ஆக்சில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வீவக அடுக்குமாடிக் கார்ப்பார்க் ஹம்ப்பில் இறங்கினால் கோட்டைத் தொட்டுவிடும். அந்த நொடியில் மிச்சத் தொய்வு இல்லையென்றால் சஸ்பென்ஷன் தாங்க வேண்டிய அடியை கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கும் ஆயில் சீலும் தாங்கும். முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றினால் புது ஆயில் கசிவு, 60 கி.மீ. வேகத்தில் ஒரு ஊளைச் சத்தம், மேட்டில் பின்பக்கம் திடீரென்று கட்டை மாதிரி இறுகுவது: மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், முதலில் ஸ்கேலை எடுங்கள்.

சக்கரத்தைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும். எங்கே மிக இறுக்கமோ அந்த அளவுதான் கணக்கு. இறுக்கமான இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் செயினின் காலம் முடிந்தது. டைட் பண்ணிப் பயனில்லை. ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பி அலைன்மென்ட் வைக்கக் கூடாது, இரு பக்கமும் பிவட்டிலிருந்து ஆக்சில் வரை அளப்பது மேல். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு (600 சிசி வண்டிகளில் 110 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இருக்கும்) மறுபடி ஒரு முறை அளக்க வேண்டும், இறுக்கும்போதே இரண்டு மூன்று மி.மீ. மாறும். நம் ஊர் மழைக்கு லூப் அடிக்கும் இடைவெளி 500 கி.மீ. தாண்டக் கூடாது. வீடு திரும்பிய சூட்டிலேயே அடித்தால்தான் உள்ளே இறங்கும். கழுவ மண்ணெண்ணெய் சரி. பெட்ரோலும் கம்பி பிரஷும் ஓ-ரிங்கைத் தின்றுவிடும்.

வண்டியைத் தூக்குவது அடுத்த தலைவலி. க்ரூசருக்கு ஃப்ரேமின் அடிக்குழாய் இரண்டும் சமமாக இருக்கும், ஜாக்கைக் கொடுத்துத் தூக்கினால் போதும். ஸ்போர்ட் பைக்கில் அந்த இடத்தில் எக்ஸாஸ்ட் கலெக்டரும் ஆயில் பேனும் இருக்கும். பின்னால் ஸ்விங்ஆர்மில் உள்ள ஸ்பூலில் (சிறு உருளைக் குமிழ்) மாட்டும் பேடக் ஸ்டாண்டும், முன்னால் ஸ்டியரிங் தண்டின் அடியில் கொடுக்கும் ஸ்டாண்டும் கடையில் இருக்கிறதா என்று வண்டியை விடும் முன் கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் டயர் வேலையை அங்கே கொடுக்க வேண்டாம். ஊபி, காக்கி புக்கிட் பக்கம் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோனாலும் மாற்றித் தருவார்கள்.

டயரைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. 190/55 இசட்ஆர் 17 (190 மி.மீ. அகலம், அதில் 55 விழுக்காடு பக்கச்சுவர் உயரம்) கேட்டால் “190/50 இருக்கு, அகலம் ஒண்ணுதானே” என்பார்கள். அகலம் ஒன்றுதான், ஆனால் பக்கச்சுவரின் உயரம் 9.5 மி.மீ. குறைகிறது. பின்பக்கம் அவ்வளவு இறங்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடி வளைவில் வண்டி மெதுவாகத்தான் சாயும். பிஐஇ, ஏஒய்இ விரைவுச்சாலைகள் என்று நேர்கோட்டிலேயே ஓடும் ஊரில் எந்த டயரும் நடுவில் சப்பையாகும். க்ரூசரில் அது பெரிதாகத் தெரியாது. ஸ்போர்ட் பைக்கில் சப்பையான விளிம்பைத் தாண்டும்போது வண்டி சட்டென்று உள்ளே விழும். தடம் மிச்சம் இருக்கிறது, இன்னும் 2,000 கி.மீ. ஓடும் என்று கவுண்டரில் சொன்னாலும் மாற்றிவிடுவதே நல்லது. தினசரி வேலைக்கும் மழைக்கும் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மென்மையாகவும் இருக்கும் டூயல் காம்பவுண்ட் ஸ்போர்ட் டூரிங் டயர் போதும். காற்று, வண்டி ஓடாத நிலையில், லிட்டர் (1,000 சிசி) வண்டி பலவற்றுக்கும் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ.

சஸ்பென்ஷன் செட்டிங் என்று ஜாப் ஷீட்டில் எழுதினால் பல கடைகளில் பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கொஞ்சம் திருகித் தருவதோடு முடிந்துவிடும், அவர்களுடைய வண்டிகள் பலவற்றில் திருக அது ஒன்றுதான் உண்டு. இதற்கு வெளியே போங்கள், அல்லது நண்பர்கள் இருவர், ஒரு டேப், ஒரு ஜிப் டை போதும். முதலில் பின் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, ஆக்சிலிலிருந்து சீட் அருகே உள்ள ஒரு புள்ளி வரை அளங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து, ஒருவர் பிடிக்க, மற்றவர் அதே இடத்தை அளக்கட்டும். வித்தியாசம், அதாவது உங்கள் எடையில் பின்பக்கம் இறங்கும் அளவு, 30 முதல் 35 மி.மீ. இருக்க வேண்டும். முன்னால் ஃபோர்க் குழாயில் ஜிப் டை கட்டி இதையே செய்தால் 35 முதல் 40. ப்ரீலோடை முழுக்க ஏற்றியும் இறக்கம் இந்த அளவுக்குக் குறையவில்லையென்றால் ஸ்ப்ரிங் உங்கள் எடைக்கு மெல்லியது, அதை எந்தத் திருகலும் சரிசெய்யாது. சஸ்பென்ஷன் எழும் வேகத்துக்கான ரீபவுண்ட், அமுங்கும் வேகத்துக்கான கம்ப்ரஷன் கிளிக்குகளை முழுக்க உள்ளே திருகி அங்கிருந்து வெளியே எண்ண வேண்டும். கடைசியில் தொட்டவுடன் நிறுத்துங்கள், அழுத்தினால் உள்ளே ஊசிமுனை நசுங்கும். மாற்றும் முன் பழைய எண்ணைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் குறிப்பதில்லை.

வால்வ் இடைவெளியை அளக்கும் வேலை அபூர்வமாகத்தான் வரும், வந்தால் பர்ஸ் காலி. ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள க்ரூசரில் அந்த வரியே சர்வீஸ் அட்டவணையில் கிடையாது. ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர்-இல் 25,600 கி.மீ., யமஹா ஆர்6-இல் 42,000 கி.மீ.க்கு ஒரு முறை பார்க்க வேண்டும். டேங்க், ஏர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் கழன்றால்தான் கேம் மூடி கைக்கு எட்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். காலையில் ஓட்டிக்கொண்டு போய் விட்டு மதியம் அளந்தால் அளவு பொய். முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) பெட்டி கடையில் இருக்கிறதா? இல்லையென்றால் பிரித்துப் போட்ட வண்டி ஷிம் கப்பலில் வரும் வரை மூலையில் கிடக்கும். வேலை முடிந்ததும் 16 வால்வுக்கும் எழுதிய அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லையென்றால் அளந்தார்களா என்பதே சந்தேகம்.

பிரேக் திரவம் ஒரு வரியில் முடியும். ஹார்லி 2000-களின் நடுப்பகுதி வரை சிலிக்கோன் டாட் 5 பயன்படுத்தியது. உங்கள் வண்டிக்கு டாட் 4. பழைய வண்டிகள் வந்துபோகும் கடையில் இரண்டு பாட்டிலும் பக்கத்தில் இருக்கலாம், இரண்டும் கலக்கக் கூடாது. நம் ஈரக்காற்றில் டாட் 4-ஐ இரண்டு வருடத்துக்கு மேல் விடவும் கூடாது.

இந்தப் பொருத்தமின்மை ஒரு கடையோடு நிற்பதில்லை, ஒரு கம்பெனி அளவுக்கே போனதுண்டு. 1983-இல் எரிக் பியூல் தொடங்கிய பியூல் என்ற அமெரிக்க ஸ்போர்ட் பைக் கம்பெனியில் ஹார்லி 1993-இல் 49 விழுக்காடு வாங்கி, 2003-இல் முழுவதும் தன்வசமாக்கியது. வண்டிகள் ஹார்லி டீலர்கள் வழியே விற்றன. பியூலின் எக்ஸ்பி வரிசையில் முன் ஃபோர்க்கின் சாய்வுக்கோணம் 21 டிகிரி, வீல்பேஸ் (இரு சக்கர நடுவுக்கும் இடையிலான தூரம்) 1,320 மி.மீ.; பக்கத்தில் நின்ற க்ரூசருக்கு 30 டிகிரியும் 1,600 மி.மீ.க்கு மேலும். பெட்ரோல் ஃப்ரேமுக்குள், ஆயில் ஸ்விங்ஆர்முக்குள், முன் பிரேக் டிஸ்க் 375 மி.மீ. விட்டத்தில் ரிம்மிலேயே. அந்த டிஸ்க்கைக் கவனிக்காமல் டயர் மெஷினில் மாட்டினால் வளைந்துவிடும். பிறகு லீவர் துடிக்கும். எஞ்சின் மட்டும் ஸ்போர்ட்ஸ்டர் வழி வந்தது என்பதால் தெரிந்த வண்டி என்றே பலரும் கை வைத்தார்கள். ட்ரை சம்ப் (ஆயில் எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில்) என்பதால் இரவு நின்ற வண்டியில் ஆயில் கிராங்க்கேஸில் இறங்கியிருக்கும், குளிர்ந்த நிலையில் லெவல் குறைவாகக் காட்டும், ஊற்றினால் ஏர்பாக்ஸில் வந்து நிற்கும். 2009 அக்டோபரில் ஹார்லி அந்த வரிசையையே மூடிவிட்டது. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து இன்னும் வைத்திருப்பவருக்கு மேனுவல்தான் மெக்கானிக்.

ஷோரூமின் உடைப் பகுதியில் தோல் வெஸ்ட்டும் ஓபன் ஃபேஸ் ஹெல்மெட்டும் கிடைக்கும். மலேசியாவின் செப்பாங் ரேஸ் ட்ராக்குக்கு ட்ராக் டே போகிறவருக்குத் தேவையான ஒன்-பீஸ் சூட் கிடைக்காது, அதை அங்கே தேடுவது வீண். பைப், ஃபில்டர், ட்யூன் மூன்றையும் சேர்த்து விற்கும் பழக்கமும் க்ரூசர் உலகத்துடையது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் அந்த எக்ஸாஸ்ட்டுக்கு, உங்கள் மாடலுக்கு, இருக்கிறதா என்று காகிதத்தில் பாருங்கள். பதிவாகி மூன்று வருடம் தாண்டினால் வருடம்தோறும் இன்ஸ்பெக்‌ஷன். அங்கே “டீலர் போட்டார்” என்ற பதில் செல்லாது.

இத்தனையும் சொன்னாலும் டீலரை விட்டுவிட முடியாது. வாரண்டி, ரீகால், கம்பெனி ஸ்கேனர் கேட்கும் ஏபிஎஸ், ஈசியு வேலைகள், முதல் 1,000 கி.மீ. சர்வீஸ் எல்லாம் அங்கேதான். ஜாப் ஷீட்டில் மட்டும் “செயின் பார்க்கவும்” என்று எழுதாதீர்கள். “செயின் தொய்வு 30 மி.மீ., இறுக்கமான இடத்தில், ஆயில் லெவல் வண்டியை நேராக நிறுத்தி, அடியில் ஜாக் வேண்டாம்” என்று எண்ணோடு எழுதுங்கள். எழுதியதைத் தட்டிக்கழிப்பது யாருக்கும் கஷ்டம்.

எடுக்கும்போது கடை வாசலிலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். செயினை ஆட்டுங்கள், வண்டியை நிமிர்த்தி ஆயில் ஜன்னலைப் பாருங்கள், ஆக்சில் நட்டில் பெயின்ட் குறி இருக்கிறதா, ஃபேரிங் போல்ட் ஏதும் குறைகிறதா என்று தடவிப் பாருங்கள். வேலைக்காக முன் சக்கரத்தைக் கழற்றியிருந்தால் பிரேக் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தில் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் நான்கைந்து தடவை அழுத்தி, லீவர் கெட்டியான பிறகே ரோட்டில் இறங்குங்கள்.