ட்ரையல் மதிப்பெண்ணில் சேர்வதா, எஸ்.பி.எம். முடிவு வரட்டும் என்பதா?

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய பிள்ளை உள்ள வீட்டில் இரண்டு வழிதான் பேச்சு. பள்ளியின் முன்னோட்டத் தேர்வான ட்ரையலின் மதிப்பெண்ணைக் காட்டித் தனியார் கல்லூரியில் இப்போதே இடம் பிடிப்பது ஒன்று. முடிவு வந்தபின் அரசுப் பல்கலைக்கழக நுழைவு மனுவான யூ.பி.யூ. வழியாகப் பார்ப்பது மற்றொன்று.

முந்திச் சேர்ந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு. கழிவு வேறு, உதவி வேறு. மீதித் தொகையை யார் கட்டுவது? பட்டப்படிப்புக்கு முந்தைய தனியார் பவுண்டேஷன் படிப்புக்கு அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடன் தருவதில்லை, அந்த ஆண்டு முழுக்க அப்பா அம்மா சம்பளத்தில்தான் ஓட வேண்டும். டிப்ளோமாவுக்குக் கடன் உண்டு, ஆனால் அந்த மனுவில் ட்ரையல் தாள் செல்லாது, எஸ்.பி.எம். முடிவு வேண்டும். ஆக ஜனவரியில் சேர்ந்தவருக்கு முதல் பருவம் கைக்காசுதான்.

கடன் கிடைத்தாலும் கட்டணம் முழுவதும் அடங்காது. தனியார் டிப்ளோமாவுக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 6,800 வெள்ளி. அதுவும் குடும்பம் அரசின் ரொக்க உதவியான எஸ்.டி.ஆர். பெறுவதாக இருந்தால். அந்தப் பட்டியலில் இல்லாத நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு 75 விழுக்காடு, அதாவது 5,100. ஒரு பெயர் விடுபட்டதற்கு ஆண்டுக்கு 1,700 வெள்ளி போகிறது! ஆகவே எஸ்.டி.ஆர். பதிவைக் கல்லூரிப் பாரத்துக்கு முன்பே சரிபாருங்கள். பிள்ளை பெயரில் பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கும் வேண்டும், 20 வெள்ளியில் திறக்கலாம். படிப்புக்குக் கல்வித் தர அமைப்பான எம்.க்யூ.ஏ.வின் அங்கீகாரம் இல்லையென்றால் கடன் பேச்சே இல்லை.

இரண்டாவது வழியில் "காத்திருப்பது" என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. யூ.பி.யூ. பதிவும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்கான மனுவும் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடும். மெட்ரிகுலேஷனைப் பற்றி முடிவு வந்தபின் விசாரிப்பவர், மனு நாள் கடந்துபோனதைத்தான் கேட்டுத் திரும்புகிறார். யூ.பி.யூ.வில் 12 படிப்புத் தெரிவுகள் போடலாம். மதிப்பெண் தெரிந்தபின் வரிசையை மாற்றலாம். அரசின் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.வின் உபகாரச் சம்பள மனுவோ முடிவு வந்தபின் சில நாள்தான் திறந்திருக்கும். அன்றைக்குச் சான்றிதழ் நகலெடுக்க ஓடக்கூடாது, எல்லாம் ஸ்கேன் செய்து கைப்பேசியில் இருக்க வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், எஸ்.டி.ஆர். குடும்பத்துப் பிள்ளைக்கு பி.டி.பி.டி.என். தரும் 1,500 வெள்ளி வரை முன்பணம் உண்டு. அதற்குப் பதிவு நாளுக்கு முன் மனுச் செய்ய வேண்டும். இது இலவசம் அல்ல, பின்னால் கடனில் கழியும். ஆனால் பேருந்துச் செலவு, மெத்தை, முதல் மாதச் சாப்பாட்டுக்குக் கை கொடுக்கும்.

சிலாங்கூரில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்கல்விக்கென மாநில அரசு நிதி வைத்திருக்கிறது. வேலை உறுதிக் கடிதத்தைத் தோட்ட ஆபீசில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நாளன்று ஆபீஸ் எழுத்தரான கிராணி லீவில் இருந்தால் பாரம் மேசையிலேயே கிடக்கும்.

படிவம் ஆறில் இந்தத் தேதி ஓட்டமே இல்லை. மூன்று பருவம், செலவு குறைவு, ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்து மறுபடி யூ.பி.யூ. பாடம் கடினம் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

எங்கள் கணக்கில், பணம் இறுக்கமான வீடு ட்ரையல் மதிப்பெண்ணில் பவுண்டேஷன் சேரக்கூடாது. டிப்ளோமா என்றால் சேரலாம், ஒரு நிபந்தனையுடன்: யூ.பி.யூ. இடம் வந்தால் கல்லூரிக்குக் கட்டிய முன்பணம் திரும்பும் என்று ரசீதிலோ சேர்க்கைக் கடிதத்திலோ எழுதியிருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று கவுன்ட்டரில் சொன்னால், பர்ஸைத் திறக்காதீர்கள்.