வண்டி வராவிட்டால் நட்டம் யாருக்கு? போக்குவரத்துக் கூட்டு ஒப்பந்தங்கள்: ஓர் ஒப்பீடு

அரசு-தனியார் கூட்டு என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. தனியார் வந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்கிறது ஒன்று. மக்கள் சொத்தைத் தாரை வார்க்கிறார்கள் என்கிறது மற்றொன்று. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால் இவ்விரண்டையும் விட உருப்படியான கேள்வி ஒன்று கிடைக்கும். கணித்த அளவுக்கு வண்டிகள் வராமல் போனால் பணத்தை இழப்பது யார்? எத்தனை பெயர்களில் வந்தாலும், இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு மாதிரியை மற்றதோடு ஒப்பிட முடியும்.

பழக்கமான மாதிரி, பிஓடி (கட்டு, இயக்கு, ஒப்படை) எனப்படும் சுங்கச்சாலை. நிறுவனம் கடன் வாங்கிச் சாலை போடுகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் சுங்கம் வசூலிக்கிறது. பிறகு அரசிடம் ஒப்படைக்கிறது. நட்டம் வந்தால் நிறுவனத்தின் தலையில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏலத்தில் வெல்பவர் சிறந்த கட்டுமானக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. போக்குவரத்தை மிகையாகக் கணித்தவராக இருந்தாலே போதும். சிட்னியின் கிராஸ் சிட்டி சுரங்கச்சாலை நாளொன்றுக்குச் சுமார் 90,000 வண்டிகளை எதிர்பார்த்து 2005-இல் திறக்கப்பட்டது. வந்தவை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அடுத்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போனது. பிரிஸ்பேனில் 2010-இல் திறந்த கிளெம்-7 சுரங்கச்சாலை ஓராண்டுகூடத் தாங்கவில்லை. இவற்றைத் தோல்விகள் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முதலீட்டாளர்களின் பணம் போனது, சுரங்கம் இருந்த இடத்தில் இருக்கிறது, வண்டிகள் ஓடுகின்றன. பொதுமக்களின் பக்கம் நின்று பார்த்தால் ஒப்பந்தம் சொன்னதைச் செய்தது.

மெக்சிகோவில் நடந்ததுதான் உண்மையான தோல்வி. அங்கே 1989 முதல் 1994 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட சுங்கச்சாலை ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. யார் குறைந்த ஆண்டுகள் கேட்கிறாரோ அவருக்கே சாலை என்பதுதான் ஏல அளவுகோல். போட்ட பணத்தைச் சில ஆண்டுகளுக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் சுங்கம் எகிறியது. லாரிகள் பழைய இலவசச் சாலையை விட்டு நகரவில்லை. அந்நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பும் சரிந்தபின் வங்கிகள் தத்தளிக்க, 1997-இல் பல சாலைகளையும் அவற்றின் கடனையும் அரசே ஏற்றது. நிறுவனத்தை மூழ்க விடலாம், வங்கியை விட முடியாது என்பதுதான் சிக்கல். இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளின் மாதிரி ஒப்பந்தத்திலும், சாலை திறந்தபின் நிறுவனத்தின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால்கூட நிலுவைக் கடனில் 90 சதவீதம் வரை அரசு தர வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே பிஓடி ஒப்பந்தத்தைப் படிப்பவர் சுங்க விகிதத்துக்கு முன்பு ஒப்பந்த முறிவுப் பகுதியைப் படிப்பது நல்லது.

பிஓடிக்கு நேர்ப் போட்டியாக நான் நிறுத்துவது, அதிகம் பேசப்படாத ஒரு மாதிரி. இதில் காலம் நிலையானது அல்ல, வருவாய்தான் நிலையானது. இன்றைய மதிப்பில் மொத்தம் எவ்வளவு வருவாய் கிடைத்தால் போதும் என்று ஏலத்தில் கேட்கிறார்கள். குறைந்த தொகை சொன்னவர் வெல்கிறார். அந்தத் தொகை சேர்ந்த நாளில் சாலை அரசுக்குத் திரும்புகிறது. வண்டிகள் குறைந்தால் காலம் நீளும், கூடினால் சுருங்கும். சிலி நாடு சாண்டியாகோவிலிருந்து வால்பரைசோ, வினா டெல் மார் செல்லும் நெடுஞ்சாலைக்கு 1998-இல் இப்படி ஏலம் விட்டது. அதற்கு முன்பே இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் 1991-இல் திறந்த தேம்ஸ் பாலத்துக்கு இதன் எளிய வடிவம் இருந்தது: அதிகபட்சம் இருபது ஆண்டுகள், கடன் தீர்ந்தால் அதற்கு முன்பே முடிவு. 2003-இலேயே முடிந்தது. (நெரிசலைக் காரணம் காட்டி அரசு கட்டணத்தைத் தொடர்ந்தது வேறு கதை, ஒப்பந்தத்தைக் குறை சொல்ல முடியாது.)

வருவாய் நிலையான இந்த மாதிரியில் போக்குவரத்தை ஊதிக் காட்டி அதிக லாபம் இல்லை. அதைவிடப் பெரிய நன்மை, நடுவில் திரும்ப வாங்குவது எளிது. கலிஃபோர்னியாவின் 91-ஆம் எண் நெடுஞ்சாலையில் 1995-இல் சுங்கத் தடங்கள் திறந்தபோது, அருகிலுள்ள இலவசத் தடங்களை அரசு விரிவாக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். நெரிசல் முற்றியபோது அரசின் கைகள் கட்டப்பட்டிருந்தன. வழக்கு, வாக்குவாதம் எல்லாம் கடந்து, 2003-இல் உள்ளூர்ப் போக்குவரத்து அமைப்பு 20.75 கோடி டாலர் கொடுத்து அதை வாங்க வேண்டியதாயிற்று. வருவாய் நிலையான ஒப்பந்தத்தில் நியாயமான விலைக்கு அடிப்படை கையிலேயே இருக்கும்: இன்னும் வசூலாக வேண்டிய மீதி. குறையும் உண்டு. வண்டிகள் அதிகம் வந்தாலும் கூடுதல் லாபம் இல்லாததால் பயணிகளை ஈர்க்க நிறுவனத்துக்கு ஆர்வம் இருக்காது. நெடுஞ்சாலைக்கு அது பாதகமில்லை. வருகை நிர்வாகத் திறமையைப் பொறுத்திருக்கும் விமான நிலையத்துக்கு இந்த மாதிரி சரிப்படாது.

மூன்றாவது, சேவை தயாராக இருப்பதற்குக் கட்டணம். போக்குவரத்து நட்டம் முழுக்க அரசுடையது. தடம் திறந்திருந்தால் நிறுவனத்துக்கு அரசு முழுத்தொகை தரும், மூடினால் பிடித்தம். ஃபுளோரிடாவின் ஐ-595 நெடுஞ்சாலை 2009-இல் இப்படி 35 ஆண்டுகளுக்கு ஒப்பந்தமானது. பராமரிப்பை ஒழுங்காகச் செய்ய வைக்க இதைவிட நேரடியான வழி இல்லை. இந்தியா 2016-இல் தொடங்கிய ஹாம் (கலப்புத் தவணை) முறை இதன் உறவினர்: கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தருகிறது, மீதியை 15 ஆண்டுகளில் வட்டியோடு தவணைகளாகத் தருகிறது, சுங்கத்தை அரசே வசூலிக்கிறது. இம்மாதிரிகளின் ஆபத்து கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இன்று செலவாகத் தெரியாத தவணை, நாளைய நிதிநிலை அறிக்கைகளைக் கட்டிப்போடும். போர்ச்சுகல் ஓட்டுநர்களுக்கு இலவசமாக, அரசே பணம் தரும் சாலைகளைக் கட்டி, தவணைச் சுமை தாங்காமல் 2010 முதல் அவற்றில் சுங்கம் விதித்தது.

ரயிலுக்கு வந்தால் நட்டக் கேள்வி மட்டும் போதாது. வேலையை எங்கே வெட்டிப் பிரிக்கிறோம் என்பதும் உண்டு. டெல்லி விமான நிலைய மெட்ரோவில் தூண்களும் பாலமும் அரசு மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு, ரயிலும் இயக்கமும் தனியாருடையது. 2011-இல் ஓடத் தொடங்கிய ரயில், பாலத்தின் தாங்கிகளில் குறை கண்டு 2012-இல் நின்றது. அடுத்த ஆண்டு தனியார் வெளியேற, வழக்கு உச்சநீதிமன்றத்தில் 2024 வரை நீண்டது. லண்டன் சுரங்க ரயிலில் பராமரிப்பைத் தனியாரிடமும் இயக்கத்தை அரசிடமும் 2003-இல் பிரித்தார்கள். பராமரிப்பை எடுத்த நிறுவனங்களில் ஒன்றான மெட்ரோநெட்டின் பங்குதாரர்களே அதன் ஒப்பந்ததாரர்களாகவும் இருந்து தங்களுக்குத் தாங்களே வேலை கொடுத்துக்கொண்டார்கள். கடனில் 95 சதவீதத்துக்கு அரசுத் தரப்பு உத்தரவாதம் இருந்ததால் கடன் கொடுத்தவர்களும் கண்காணிக்கவில்லை. 2007-இல் அது திவாலானது.

ஏற்கெனவே இருக்கும் சாலையை மொத்தமாகக் குத்தகைக்கு விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1999-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 407-ஆம் எண் நெடுஞ்சாலையை 99 ஆண்டுகளுக்கு 310 கோடி கனடா டாலருக்குக் கொடுத்தது. அது கடன் வாங்கும் இன்னொரு வழி, அவ்வளவே.

என் தேர்வு இது. மாற்றுப்பாதை உள்ள, வண்டிகள் நிச்சயமாக வரும் நெடுஞ்சாலைக்கு வருவாய் நிலையான ஒப்பந்தம். மெட்ரோவுக்கும் சுங்கம் கட்டுபடியாகாத பாலத்துக்கும் தயார்நிலைக் கட்டணம். அதுவும் எதிர்காலத் தவணைகளை இன்றே கடனாக எழுதிக் காட்டினால் மட்டும். சாதாரண பிஓடியை, நிறுவனம் மூழ்கும்போது உண்மையிலேயே கைகட்டி நிற்கத் துணிந்த அரசு மட்டும் தொடலாம். ஒப்பந்தத்தைப் படித்துக் கண்காணிக்கச் சொந்தப் பொறியாளர்கள் இல்லாத அரசுக்கு இவற்றில் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அரசுக் கடனுக்கு வட்டியும் குறைவு என்பதால், வழக்கமான டெண்டர் விட்டு அரசே கட்டிக்கொள்ளட்டும்.