நானே மாட்டிய சீட் கவர்: இரண்டு கோடைக்குப் பின் ஒரு புலம்பல்

ஆன்லைனில் கார் சீட் கவர் விலை இறங்கியிருக்கிறது, நீ போட்டது எப்படி இருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லச் சொல்ல வசவாக மாறிவிட்டது.

வண்டி 2012 வேகன் ஆர். ஓட்டுநர் சீட்டின் வலது ஓர மேடு கிழிந்து பஞ்சு தெரிந்தது. நம் ஊர்ப் பழைய கார் எதை எடுத்தாலும் முதலில் போவது அந்த இடம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் நம் மொத்த எடையும் அதன் மேல்தானே தேய்த்துக்கொண்டு போகிறது!

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் கவர் இல்லை, பஞ்சு. கிழிந்த துணி வழியே உள்ளே இருந்த ஸ்பான்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து, மேடு பாதியாகக் கரைந்திருந்தது. குஷன் கடையில் கொஞ்சம் கெட்டியான ஸ்பான்ச் துண்டு வாங்கி, ஆக்ஸா பிளேடால் அறுத்து வடிவம் கொண்டுவந்தேன். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. இன்றுவரை அசையவில்லை. கரூரிலிருந்து சென்னை வரை ஓட்டினாலும் முன்பு வந்த இடுப்பு வலி இப்போது இல்லை. சீட் கிழிந்தால் எல்லோரும் கவரை மாற்றுகிறார்கள். உள்ளே பஞ்சு செத்திருக்கிறதா என்று யாரும் கை வைத்துப் பார்ப்பதில்லை.

சீட்டைக் கழற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் நான்கு முனையிலும் போல்ட். சீட்டைப் பின்னே தள்ளி முன் போல்ட்டையும், முன்னே தள்ளிப் பின் போல்ட்டையும் எடுக்கலாம். திரும்ப முறுக்கும்போது மட்டும் சோம்பல் வேண்டாம். பெல்ட் கொக்கி சீட்டோடு இருக்கிறது, வண்டி எதிலாவது மோதினால் அந்த போல்ட்தான் உங்களைப் பிடிக்க வேண்டும். கவரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு மாட்டினால் ரெக்சின் இளகி எளிதாக இழுபடும்.

சரி, இப்போது என்னைப் புலம்ப வைத்த பள்ளத்துக்கு வருகிறேன்.

கம்பெனி சீட்டில் உட்காரும் இடத்துக்கும் ஓர மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அங்கே துணியின் அடியில் கம்பி கோத்த பட்டை ஒன்று தைத்திருப்பார்கள். பஞ்சுக்குள்ளும் ஒரு கம்பி புதைந்திருக்கும். இரண்டையும் சின்ன இரும்பு வளையங்களால் சேர்த்து நெரித்திருப்பதால்தான் துணி பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ரெடிமேட் கவரில் இது எதுவும் கிடையாது. சுற்றிலும் எலாஸ்டிக், அடியில் நாலைந்து கொக்கி, அவ்வளவுதான். ஆக, பள்ளத்தின் மேல் கவர் கூடாரம் அடித்தமாதிரி நிற்கிறது. உட்கார்ந்தால் இறங்கும், எழுந்தால் எழும்பும். ஏறி இறங்க, ஏறி இறங்க, சுருக்கம் விழுந்து தொடைக்கு அடியில் ஒரு கோடாக உறுத்தும். இறங்கியதும் உள்ளங்கையை வைத்து அதை அமுக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஊசி கோத்து இழுத்துக் கட்டிப் பார்த்தேன். ரெக்சினில் ஊசி போன துளை கிழிசலாக நீண்டதுதான் மிச்சம். குஷன் கடைக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பழைய துணியைப் பிரிச்சு, அதையே அளவு வெச்சு வெட்டித் தெச்சாத்தான் சார் உக்காரும்" என்றார். அவர் சொன்ன கூலியைக் கேட்டபோது கூடாரமே பரவாயில்லை என்று தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் கவரில் வேறு குறை சொல்ல முடியாது. தையல் விடவில்லை, நிறம் வெளுக்கவில்லை. பையன் கொட்டிய பாதாம் பால் ஈரத்துணியால் துடைத்ததும் போனது. பழைய துணி சீட்டாக இருந்திருந்தால் ஒரு மாதம் நாறியிருக்கும். பின்சீட்டில் பெல்ட் கொக்கிகள் கவருக்குள் அடிக்கடி ஒளிந்துகொள்ளும், பழகிவிட்டது. கொடுத்த காசுக்கு இது நல்ல பொருள்தான்.

ஆனாலும் பத்துக்கு நாலுதான் போடுவேன். இது மே மாதம், மத்தியானம் நிழலில்லாத இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வந்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டு எழுதுகிறேன். மார்கழியில் கேட்டிருந்தால் ஏழு போட்டிருப்பேனோ என்னவோ.

நண்பனுக்கு: உன்னுடையது ஆறு ஏர்பேக் வண்டி. முன்சீட்டில் கதவுப் பக்கத் தையலில் ஏர்பேக் என்று எழுதிய சின்னப் பட்டை இருக்கும், போய்ப் பார். விபத்தில் பை அந்தத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். சாதாரணக் கவர் அதை மூடிவிட்டால் பை விரிய வழியில்லை. அந்த இடம் திறந்தோ, எளிதில் பிரியும் நூலால் தைத்தோ இருக்கிற கவர் தனியாக விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கு. சீட்டைக் கழற்றும் எண்ணமிருந்தால் விட்டுவிடு. அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கும். அதைப் பிடுங்கிய நிலையில் சாவியைத் திருப்பினாலே எச்சரிக்கை விளக்கு எரியும், அணைக்க ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். பின்சீட்டுக்கு மட்டும் தாராளமாக வாங்கிக்கொள். குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிக்கு வழி விட்டிருக்கிறார்களா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு.