மேக்கா, டூவா?

தமிழில் சமையலும் பண்ணலாம், தப்பும் பண்ணலாம், கல்யாணமும் பண்ணலாம். ஒரே 'பண்ணு' போதும். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'மேக்', 'டூ' என்ற இரண்டும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பங்கு பிரித்தது யாரோ, கணக்கு சரியாக இல்லை.

புதிதாக ஒன்று உருவானால் மேக், இருக்கிற வேலையை முடித்தால் டூ என்பார்கள். காபி போடுவது மேக், வீட்டுப்பாடம் எழுதுவது டூ. அதுவரை சரி. ஆனால் கசங்கிய படுக்கையை உதறி விரிப்பதும் 'மேக் தி பெட்'தான்; அங்கே புதிதாக என்ன உருவானது? தப்பு செய்வது 'மேக் எ மிஸ்டேக்'. நம்மில் பலர் 'டூ எ மிஸ்டேக்' என்போம், 'பண்ணு' இழுக்கிற இழுப்பு அது. நானும் ஒரு இன்டர்வியூவில் அப்படிச் சொல்லி, தப்பைப் பற்றிப் பேசும்போதே தப்பு பண்ணினேன்.

வினை மாறினால் பொருளே புரளும் இடங்கள்தான் சுவை. 'மேக் டைம்' என்றால் நேரம் ஒதுக்குவது. 'டூ டைம்' என்றால் ஜெயிலில் கம்பி எண்ணுவது. மேலதிகாரிக்கு மெயில் போடும்போது கவனம்.

மரபுத்தொடர்களில் மேக்கின் கைதான் ஓங்கியிருக்கிறது. 'மேக் அப்' ஒன்றே ஒப்பனை, கதை கட்டுவது, சண்டைக்குப் பின் ராசியாவது என்று மூன்று வேலை பார்க்கும். 'டூ அப்' பெரும்பாலும் சட்டைப் பொத்தானோடும் பழைய வீட்டைப் புதுப்பிப்பதோடும் சரி.

இரண்டும் கைகோத்து நிற்பது 'மேக் டூ'. இருப்பதை வைத்துச் சமாளிப்பது. பால் தீர்ந்த காலையில் கடுங்காப்பி மாதிரி.