கழகமா, ரசிகர் குழுவா: மலையகத்தில் உதைபந்துக்கு உழைக்க எது ஏற்ற இடம்?

உதைபந்தாட்டத்துக்காகச் சம்பளம் எதிர்பாராமல் உழைக்க விரும்பும் ஒருவருக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகளில் இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தேயிலைத் தோட்டத்திலோ நகரிலோ இயங்கும் விளையாட்டுக் கழகம். மற்றது, இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் உள்ள பெரிய கழகங்களைப் பின்பற்றும் இளைஞர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் ரசிகர் குழு. நான் முதலில் ஹட்டனில் கூடும் ஒரு ரசிகர் குழுவில் இரண்டு பருவங்கள் வேலை செய்தேன். அதன்பின் கொட்டகலைக்கு அருகே எங்கள் தோட்டக் கழகத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் எதில் சேர்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். என் சாய்வு கழகத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டிலும் பணம் கிடைக்காது, நட்பு கிடைக்கும், வீட்டில் ஏச்சும் கிடைக்கும். அவற்றை விரித்து எழுதத் தேவையில்லை.

ரசிகர் குழுவின் வேலை பெரும்பாலும் இரவு வேலை. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 7.30க்கும், அங்கே குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிய பின்னர் 8.30க்கும் தொடங்குகிறது. மண்டபம் பேசி, திரை கட்டி, கதிரை அடுக்கி, ஆட்டம் முடிந்து எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கும்போது தோட்டத்துக்குச் செல்லும் கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். நகரில் குடியிருப்பவர்களுக்கு அது பெரிய விடயமில்லை. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசைக் குடியிருப்பிலிருந்து) வருபவர்களுக்கு ஒவ்வோர் ஆட்டமும் ஓட்டோக் கூலியாக முடியும். ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை நள்ளிரவு தாண்டியே தொடங்குவதால், காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள் அவற்றை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

ஆயினும் அந்தக் குழு வெறுமனே ஆட்டம் பார்த்துக் கலைந்த கூட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் சேர்த்தோம். இரத்ததான முகாமொன்றுக்கு ஆட்களைத் திரட்டினோம். இரத்தம் கொடுப்பவர் 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், நிறை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆர்வத்தோடு வந்த எங்கள் பையன்கள் சிலர் நிறை போதாமல் திருப்பி அனுப்பப்பட்டபோது அவர்களுடைய முகங்களைப் பார்க்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி நான் முதன்முதலாகக் கவலையோடு யோசித்தது அன்றுதான். அதற்காக அந்தக் குழுவுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆதரவாளர்கள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. விம்பிள்டன் கழகத்தைத் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தபோது, அதன் ஆதரவாளர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கீழ்மட்ட லீக்கில் இறங்கிய அந்த அணி, 2011இல் இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கை எட்டியது. 2020இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பியது. 2021 ஏப்ரலில் 12 பெரும் கழகங்கள் அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக்கிலிருந்து ஆறு ஆங்கிலக் கழகங்களும் இரண்டே நாளில் விலகியதில், தெருவில் இறங்கிய ஆதரவாளர்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அவர்கள் தமது அணியின் வாசலிலேயே நின்று குரல் கொடுக்கக்கூடியவர்கள். எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஹட்டன் மண்டபத்தில் எழும் நமது குரல் அந்த வாசலை எட்டுவதில்லை. நாம் கொடுக்கும் உழைப்பு உண்மையானது. அது போய்ச் சேரும் அணிதான் எட்டாத தொலைவில் இருக்கிறது.

கழகத்து உழைப்பு இதற்கு நேர்மாறானது. அது கையில் ஒட்டும், உடுப்பில் படியும். எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம். விதிகள் கேட்கும் ஆகக் குறைந்த நீளமான 90 மீற்றரை அது சற்றே எட்டிப் பிடிக்கிறது. ஒரு மூலையைத் தேயிலை தின்றுவிட்டது. ஞாயிறு காலையில் அதற்குக் கோடு போடுவதே கழகத் தொண்டரின் முதல் வேலை. எங்களிடம் ஒரு நைலோன் கயிறு இருக்கிறது. அதில் 5.5, 7.32, 9.15, 11, 16.5 மீற்றர் தூரங்களில் முடிச்சுகள் போட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம்: சிறு பெட்டி, கோல் அகலம், நடுவட்டம், தண்ட உதைப் புள்ளி, பெரிய பெட்டி. இரண்டு பேர் அந்தக் கயிற்றோடு நடந்தால் அரை மணி நேரத்தில் மைதானம் அளந்து முடியும். கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பைப் பயன்படுத்தவே கூடாது. ஈரத்தில் அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். மண்ணின் புளிப்பைக் குறைப்பதற்காகத் தேயிலை மலைகளுக்குப் போடும் டொலமைட் தூள் இதற்குப் போதும். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து நடக்கும் காலத்தில் தோட்ட அலுவலகத்தில் பணிவாகக் கேட்டால் ஒரு மூடை கிடைக்கும். அதைத் துளையிட்ட பால்மா டின்னில் நிரப்பிக் கயிற்றோரம் தட்டிக்கொண்டே போக வேண்டும்.

பந்து கோட்டுக்கு வெளியே போனால் அது தேயிலைக்குள் உருண்டு அடுத்த மட்டத்தில்தான் நிற்கும். ஆகவே பள்ளத்துப் பக்கம் மூன்று சிறுவர்களை நிறுத்துகிறோம். அவர்களுடைய காலில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் பூசி விடுவதும் தொண்டர் வேலைதான். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும் என்பதை இரண்டு பந்துகளை இழந்தபின் கற்றுக்கொண்டோம். மே முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில் ஜேர்சிகள் காய மூன்று நான்கு நாட்கள் எடுக்கும். அப்போது அவற்றை அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுகிறோம். எங்கள் அணி மைதானத்தில் இறங்கும்போது விறகுப் புகை மணம் கூடவே வரும். அந்த மணம் எனக்குப் பிடித்தமானது.

இவை எல்லாவற்றையும்விட, ஒருவர் தன் நேரத்தை எங்கே போடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறொன்று: நீங்கள் ஊரை விட்டுப் போகும் நாளில் உங்கள் வேலையை யார் எடுப்பார்? மலையகத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. இருபது வயதில் கழகத்தைத் தாங்கும் பையன் இருபத்திரண்டில் கொழும்பில் கடையொன்றில் நிற்பான். தங்கை ஆடைத் தொழிற்சாலை விடுதியில் இருப்பாள். கொஞ்சம் வசதி கூடினால் கட்டார், டுபாய். தொண்டர்கள் போய்க்கொண்டே இருக்கும் இடத்தில், கைமாற்றிக் கொடுக்கத்தக்க வேலைதான் நிலைக்கும்.

நான் இருந்த ரசிகர் குழு இரண்டு நண்பர்களின் தோளில் நின்றது. வட்ஸ்அப் குழுவை நடத்தியவர் கட்டாருக்குப் போனார். மண்டபக் காரரோடு பேசிப் பழகியவர் கொழும்புக்குப் போனார். முப்பது பேர் காசு போட்டுத் தைத்த பதாகை ஒருவர் வீட்டு அலுமாரியில் தங்கிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சண்டை பிடிக்கவில்லை. எடுத்துக் கொடுக்க எந்தப் பொருளும், எழுதி வைத்த எந்த முறையும் இல்லாததால் குழு மெல்ல அடங்கிப்போனது.

கழகத்தில் எனக்கு முன்னிருந்த செயலாளர் அண்ணன் கொழும்புக்குப் புறப்பட்ட மாலையில் ஒரு உரச்சாக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அதற்குள் அந்தக் கயிறு, காற்றுப் பம்பு, மூன்று ஊசிகள், ஒரு விசில், பெட்டிச் சாவி, ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு). கொப்பியில் கூட்டக் குறிப்பு, வரவு செலவு, யாருடைய பூட்ஸ் என்ன அளவு, விளையாட்டு உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுதும் முறை, எந்தத் தோட்டம் எந்த மாதம் சுற்றுப்போட்டி வைக்கும் என்பது வரை இருந்தது. "கொப்பியில இல்லாதத என்கிட்ட கேளு தம்பி" என்று தன் தொலைபேசி எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதினார். அடுத்த ஞாயிறு ஆட்டம் வழக்கம்போல் நடந்தது. 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியிருந்த மாதங்களிலும் எங்கள் ஞாயிற்றுப் பயிற்சி ஒரு வாரமும் நிற்கவில்லை. அதற்குத் தேவையானவை எல்லாம் அந்தச் சாக்குக்குள் இருந்தன.

எல்லாக் கழகங்களும் இப்படி ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு எழுதாத கழகங்களில் மனக்கசப்பு வரும். தோட்டத் தலைவர்மாரின் அரசியல் மைதானத்துக்குள் நுழையும். ஒரே குடும்பம் பொறுப்புகளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. சேர்வதற்கு முன் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பக்கத்துத் தோட்டக் கழகத்தைப் பாருங்கள்.

உள்ளூர் அணியொன்றுக்கான ஆதரவாளர் குழுவை நான் உள்ளேயிருந்து அறிந்ததில்லை. ஆகவே அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் 2021இல் இலங்கையின் சூப்பர் லீக் வரை போன மலைநாட்டுக் கழகம். அத்தகைய அணிக்கு ரயிலேறிப் போய்க் குரல் கொடுக்கும் குழு ஒன்றில் சேர வாய்த்தால், மேலே சொன்ன குறைகளில் பாதி இல்லாமற் போகலாம். கேரளாவின் மஞ்சப்படையும் சென்னையின் சூப்பர் மச்சான்ஸும் தமது ஊர் அணிக்காகவே திரண்ட ரசிகர் குழுக்கள்.

கொழும்பில் வேலை செய்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊர் வருபவர்களுக்கு என் பரிந்துரை வேறு. ஞாயிறு காலை மைதானத்தில் நிற்க முடியாதவர் கழகப் பொறுப்பை ஏற்றால் இரு பக்கமும் சங்கடப்படும். அவர்கள் அங்கே ஒரு ரசிகர் குழுவில் சேர்ந்து மகிழ்ந்திருக்கலாம். ஊர்க் கழகத்துக்கு வருடத்துக்கு ஒரு பந்து அனுப்பினாலே பெரிய உதவி. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து இங்கே சுற்றுப்போட்டிகள் நடக்கும் காலம். பந்து அதற்கு முன் வந்து சேர்ந்தால் நல்லது.

நானும் இந்த வருட இறுதியில் கொழும்புக்குப் போகிறேன். சென்ற மாதம் உரச்சாக்கை, எங்கள் சிறுமியர் அணியில் கோல் காக்கும் தரம் 11 மாணவி ஒருத்தியிடம் கொடுத்தேன். அவள் முதலில் கொப்பியைத் திறக்கவில்லை. தையற்காரரிடம் அளவுநாடா இரவல் வாங்கிவந்து, கயிற்றைப் படிக்கட்டில் நீட்டி முடிச்சு முடிச்சாக அளந்தாள். நனைந்து நனைந்து நைலோன் இழுபட்டிருந்தது. நடுவட்ட முடிச்சு ஒரு சாண் தள்ளி நின்றது. அதை அவிழ்த்து, சரியான இடத்தில் மீண்டும் கட்டினாள்.