பிரிப்பதா, விடுவதா, ஒட்டுப் போடுவதா?

அம்மாவின் பழைய நூல் சேலைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தேன். 6 அங்குலச் சதுரங்கள், அகலத்தில் 10, நீளத்தில் 13, ஆக 130 துண்டுகள். மேலே அந்தத் துண்டுகள், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு பழைய வேட்டி; மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல். முடித்துப் பார்த்தால் மூன்று வகைத் தப்பு. ஒன்று, மூலைகள் சேரவில்லை. இரண்டு, ஒரு கட்டம் போட்ட துண்டு குறுக்கே திரும்பிவிட்டது. மூன்றாவது முதல் சலவையில்தான் தெரிந்தது: நாலைந்து இடத்தில் தையல் வாய் திறந்து உள்ளிருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது.

மூலைகளை அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு துண்டிலும் தையலுக்கு விடும் துணி கால் அங்குலத்தைவிட மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடினால் போதும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகும். பத்துத் துண்டு வரிசையில் ஒன்பது தையல். ஓர் அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். அப்புறம் மூலை எப்படிச் சேரும்? ஆனால் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர் யாரும் மூலையைப் பார்ப்பதில்லை. 'அமெரிக்காவின் ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டுத் தைப்பார்கள், குறையில்லாதவர் கடவுள் மட்டும்தான் என்பதால்' என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை என்பதே போர்வைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்வது. எனக்கு எப்படியும் அந்தச் சிரமம் இல்லை, வேண்டாமலே வந்துவிடுகிறது.

கட்டத் துண்டைப் பிரித்துத் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். புதுத்துணியில் இது நல்ல வழிதான். மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டி, மறுபக்க நூலை இழுத்தால் வந்துவிடும். ஊசித் துளைகளும் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இருபது வருடம் துவைத்த சேலையில் அந்தக் கதை நடக்கவில்லை. முதல் நூலை இழுத்ததுமே துணியும் கூட வந்தது. துளைகள் மூடவில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து கிழிசலாகிவிட்டன. அதோடு, மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்த பிறகு ஒரு துண்டை எடுக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள ஓட்டுத் தையலையும் பிரித்தாக வேண்டும். ஒரு முழு மதியம் போய், தப்பு பெரிதானதுதான் மிச்சம்.

மிஞ்சியது ஒட்டு. இப்போது கேட்டால் என் ஓட்டும் இதற்குத்தான். காரணம் அழகு இல்லை, சலவை.

போர்வை நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்பது அதைக் கொடியில் தூக்கிப் போட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் கனம் முழுவதும் தையல்களில்தான் தொங்கும். வாய் திறந்த இடங்களைப் பார்த்தேன்: எல்லாவற்றிலும் தையலுக்கு உள்ளே விட்ட துணி அரைக்கால் அங்குலம்கூட இல்லை. பழைய நூல் துணி பிசிறு பிசிறாகப் போகும். பிசிறு தையலைத் தொட்டதும் கதை முடிந்தது. அதே கோட்டில் திரும்பத் தைத்தால், ஏற்கெனவே நைந்த துணியில்தான் ஊசி இறங்கும். ஒட்டு போட்டால் தையல் அந்தக் கோட்டைவிட்டு அரை அங்குலம் தள்ளி, நல்ல துணியில் விழும். இழுவையை ஒட்டு வாங்கிக்கொள்ளும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் 'சித்தி' என்று ஆப்பிரிக்க வழிவந்த ஒரு சமூகம் உண்டு; அந்தப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையில், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் போகும் ஒட்டுகள்தான் போர்வையே. ஒட்டின் மேல் ஒட்டு விழுந்தாலும் அங்கே அது தப்பில்லை.

ஒட்டுத் துணி புதிதாக இருக்கக் கூடாது. புது நூல் துணி முதல் சலவையில் சுருங்கும், சுற்றியுள்ள பழைய துணியைச் சுருட்டி இழுக்கும். சிவப்புச் சுங்குடியைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டே எடுத்தேன். ஒட்டைச் சதுரமாக வெட்டாமல் வட்டமாகவோ இலை போலவோ வெட்டினால் மூலைப் பிசிறு தொல்லை குறையும். கால் அங்குலம் உள்ளே மடித்து எம்மிங் செய்தபின், அடித்துணி வரை இறங்குகிற மாதிரி மேலே இரண்டு வரி ஓட்டுத் தையல். ஒரே ஒரு ஒட்டு இருந்தால் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது. தேவையே இல்லாத இடத்தில் இன்னும் இரண்டு வைத்தேன், சரியாகிவிட்டது. குறுக்கே திரும்பிய அந்தக் கட்டத் துண்டும், நான் உண்டாக்கிய கிழிசலும் போட்ட ஒட்டுகளில் ஒன்றுக்கு அடியில்தான் இருக்கின்றன.

பதினான்கு மாதத்தில் எட்டு சலவை ஆகிவிட்டது. ஒட்டுகள் எதுவும் அசையவில்லை. ஆனால் எட்டும் கையால் துவைத்தது, இரண்டு கொடியில் பரப்பிக் காயவைத்தது. மெஷினில் சுழற்றினால் இதே பதில் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். புதுத்துணி வாங்கி, விற்பதற்காகத் தைக்கிறவர்கள் பிரித்துத் தைப்பதே நியாயம் என்று தோன்றுகிறது. அதுவும் மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு முன்பே.

ஓரப்பட்டியில் மட்டும் ஒட்டு பலிக்கவில்லை. இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் ஓரம் தடித்து விறைத்துக்கொண்டது. கடைசியில் அந்த ஒரு சாண் நீளத்தைப் பிரித்து, வேறு சேலையின் கரையை வைத்துத் தைத்தேன்.