பீப் அடிக்காத இடத்தில் துளைக்கலாமா? திருமலை வீடுகளில் ஸ்டட் ஃபைண்டர்

ஸ்டட் ஃபைண்டர் என்பது சுவரில் வைத்து ஓட்டினால் உள்ளே மறைந்திருப்பதைக் கண்டு பீப் அடிக்கும் கைக்கருவி. அமெரிக்க வீட்டுக்கென்று பிறந்த சாமான். அங்கே சுவர் என்றால் அரை அங்குல ஜிப்சம் பலகை, அதற்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் (ஸ்டட்). அந்தச் சட்டத்தைத் தேடித்தான் கருவிக்கே பெயர். திருமலையில் (திருகோணமலையில்) சீமெந்துக் கல்லுக் கட்டி, அரை முக்கால் அங்குலம் பூசிய சுவரில் தேடுவதற்கு மரமே இல்லை. ஆகவே பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஸ்டட் மோட் இங்கே ஆகக் குறைவாகப் பயன்படுவது. காசு கொடுப்பது மற்ற இரண்டுக்கும்தான்: உலோகம், கரண்ட் வயர். இந்த இரண்டும் இல்லாத மலிவுக் கருவியை வாங்கவே வேண்டாம்.

கல்லுச் சுவரில் ஸ்டட் மோடைப் போட்டால் சும்மா இருக்காது, பொய் சொல்லும். அது பார்ப்பது மரத்தை அல்ல, சுவருக்குள் அடர்த்தியும் ஈரமும் மாறும் இடத்தை. பூச்சு தடித்த இடம், கல்லின் பொள்ளல், பழைய ஓட்டையை அடைத்த பட்டி (புட்டிப் பசை) எல்லாமே அதற்குச் 'சட்டம்'தான். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடை மழையில் ஊறிய வெளிச்சுவரில் கேட்கவே தேவையில்லை, கை வைத்த இடமெல்லாம் பீப். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஓட்டை போடும் வேலை வந்தால் உட்புறச் சுவருக்கு மாற்றுங்கள், அல்லது கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசிச் சுவர் காயும் மட்டும் பொறுங்கள்.

கரண்ட் வயர் தேடும்போது ஆட்கள் விடும் பெரிய பிழை, பாதுகாப்பு என்று மெயின் சுவிட்சை முதலே நிறுத்திவிட்டுத் தேடுவது. கருவி பிடிப்பது 230 வோல்ட் வயரைச் சுற்றியிருக்கும் மின்புலத்தை. கரண்ட் இல்லையென்றால் புலமும் இல்லை, பீப்பும் இல்லை. தேடும்போது எல்லாம் ஓடட்டும். லைட்டுக்குப் போகும் வயரைத் தேடினால் அந்த லைட் சுவிட்சையும் போட்டு வையுங்கள், ஏனென்றால் சுவிட்சுக்கு அப்பால் போகும் வயர் சுவிட்ச் போட்டால்தான் உயிரோடு இருக்கும். அடையாளம் போட்டு முடிந்த பிறகு மெயினை நிறுத்தித் துளையுங்கள். ட்ரில்லுக்குக் கரண்ட் வேண்டுமே என்றால் பற்றறி ட்ரில், இல்லாவிட்டால் வேறு இணைப்பிலிருந்து இழுத்த நீட்டு வயர்.

சில சுவரில் கரண்ட் மோட் இரண்டடி அகலத்துக்குச் சிவப்புக் காட்டும். வயர் அவ்வளவு அகலமா? இல்லை, சுவரின் மேற்பரப்பில் மின்னூட்டம் பரவி நிற்கிறது. மற்றக் கையின் உள்ளங்கையைக் கருவிக்கு ஓரடி தள்ளிச் சுவரில் பதித்துக்கொண்டு திரும்ப ஓட்டினால் அந்தப் பட்டை ஒடுங்கும். உலோகக் குழாய்க்குள் போகும் வயரை இந்த மோட் பிடிக்காது, உலோக மோட் பிடிக்கும்.

ஆழம் பற்றிய எண்களைப் பெட்டியில் வாசித்து மயங்க வேண்டாம். பொஷ் ஜிஎம்எஸ் 120 மாதிரியில் '120' என்பது இரும்புக்குரிய மில்லிமீற்றர், அதுவும் உச்ச அளவு. அதே கருவிக்குச் செம்பு 80, கரண்ட் வயர் 50, மரம் 38. மெல்லிய ஆணியும் 12 மில்லிமீற்றர்க் கம்பியும் ஒரே ஆழத்தில் ஒரேமாதிரித் தெரியாது.

உண்மையில் கருவி தன் விலையைத் திருப்பித் தருவது கொங்கிரீட்டில். பிளாட் (கொங்கிரீட் கூரைத் தட்டு) அடியில் ஃபான் கொழுக்கி போட, லின்டலில் (ஜன்னலுக்கு மேலுள்ள கொங்கிரீட் உத்தரத்தில்) கேர்ட்டின் பிராக்கெட் அடிக்க இதைவிட உதவி இல்லை. உலோக மோடில் முதலில் கருவியைச் சுவரிலிருந்தும் உங்கள் மோதிரம், கைக்கடிகாரத்திலிருந்தும் தள்ளிக் காற்றில் பிடித்துச் சரிப்படுத்துங்கள். கம்பிக்கு மேலே வைத்துச் சரிப்படுத்தினால் அந்தக் கம்பியையே 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளும். பிறகு கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்கு தெற்காக ஒருமுறை மெதுவாக இழுத்துப் பென்சிலால் கோடு போட்டால் கம்பி வலை கட்டம் கட்டமாக வந்துவிடும். ஆறு அங்குலக் கட்டம் வந்தால் நடுவில் துளையுங்கள். கோடே ஒழுங்காக வராமல் எங்கும் பீப் என்றால் உணர்திறனைக் குறையுங்கள். அப்படியும் கம்பியில் பட்டால் சத்தம் கீச்சென்று மாறும், தூள் வருவது நிற்கும். அழுத்திப் போராடாமல் ஓரங்குலம் தள்ளிப் போடுங்கள். கம்பியைச் சுரண்டிவிட்டு அப்படியே விட்டால் டைக் வீதி, உப்புவெளிப் பக்கத்து உப்புக் காற்றுக்குத் துருப்பிடித்து, ஊதி, பூச்சைத் தள்ளிவிடும். கைவிட்ட ஓட்டையைச் சீமெந்தால் நிரப்புங்கள், பட்டியால் அல்ல.

சிலிங் வேறு கதை. ஜிப்சம் சிலிங்கில் ஸ்டட் மோட் ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் உள்ளே இருப்பது தகரச் சனல் (மடித்த தகரச் சட்டம்), அதைப் பிடித்த ஸ்குறூக்கள். ஒரு சின்ன வலுவான காந்தத்தை நூலில் கட்டி இழுத்தாலே ஸ்குறூ வரிசை வரிசையாக அகப்படும். சிலிங்குக்கு மட்டும் என்றால் இந்தக் கருவி வீண் செலவு. அந்தச் சனல் லைட்டைத் தாங்கும், ஃபானைத் தாங்காது. பழைய சீற் சிலிங்கில் மரச்சட்டம் எங்கே என்று மூட்டுப் பட்டியும் ஆணித் தலையுமே சொல்லும். அந்தச் சீற்றில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். நனைத்து, முகமூடி போட்டு, கைத்துளைப்பானால் மெதுவாகத்தான்.

ஒன்றை இந்தக் கருவி பிடிக்கவே பிடிக்காது: கல்லுச் சுவருக்குள் போகும் பி.வி.சி. தண்ணீர்க் குழாய். தண்ணீர் திறக்கும் பைப்புக்கு நேர் மேலும் கீழும், பாத்ரூம் சுவரின் மறுபுறத்திலும் துளைக்காமல் விடுவதுதான் வழி. வயருக்கும் சுவிட்ச் பெட்டியின் நேர்கோட்டில் இரு புறமும் ஆறு அங்குலம் விடுங்கள். வயர் மிச்சம் பிடிக்கக் குறுக்காகக் கொத்தி இழுத்த வீடுகளும் ஊரில் உண்டு. அதனால் கருவி பேசாமல் இருந்தாலும் முதல் முக்கால் அங்குலத்தை ஹாமர் போடாமல், வேகம் குறைத்துத் துளைத்துத் தூளைப் பார்ப்பது நல்லது. வெள்ளைப் பிளாஸ்ரிக் சுருள் வந்தால் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் தெரிந்த இடத்தில் சோதியுங்கள்: சுவிட்ச் பெட்டிக்கு மேலே வயர் ஏறும் கோட்டைக் காட்டுகிறதா? காட்டாவிட்டால் முதல் சந்தேகம் 9 வோல்ட் பற்றறிமேல். விளக்கு எரிந்தாலும் பற்றறி இறங்கினால் ஆழம் குறையும். அடுத்தது பற்றறி முனை. கடலோர வீட்டில் ஒரு வருடம் உள்ளேயே விட்டால் அது பச்சை பூக்கும். வேலை முடிந்ததும் பற்றறியைக் கழற்றி, கருவியை மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பையோடு போட்டு வையுங்கள். பூத்துவிட்டால் பழைய பல்துலக்கியில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காய வைத்துப் போட்டால் போதும்.